படித்துறையில் வரைந்த முகம்

அந்தச் சுவரைப் பாசியோடும் சுவரொட்டிக் கிழிசலோடும் அப்படியே விட்டிருக்கலாம். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் யாரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் "அடேயப்பா, எவ்வளவு அழகு!" என்று முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் துறைக்காரிகளுக்கு ஒரு சாபம் உண்டு. இலையும் பூவும் தண்டின் குறுக்குவெட்டும் வரைந்து வரைந்து கை பழகியிருக்கும். அதனால் கல்லூரியில் கரும்பலகையில் வரவேற்பு எழுத வேண்டுமா, கோலப்போட்டிக்கு நடுவர் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் பிடிப்பார்கள். நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஓடுகிற நீளச் சுவரில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வரையலாம் என்று முதல்வர் கூட்டத்தில் சொன்னபோது, அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"புறா பறக்கிற மாதிரி, புத்தகத்திலிருந்து மரம் முளைக்கிற மாதிரி ஏதாவது" என்றார் முதல்வர். புறா வரைவதாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வரைந்தால் ஆற்றை வரைவோம். பொதிகை மலையில் பிறந்து கடலில் விழுகிறவரை முழு ஆறு. அவரவர் ஊரை அவரவர் தீட்டட்டும். பிள்ளைகள், ஆசிரியைகள், அலுவலகத்தார், கேன்டீன்காரர்கள், வாட்ச்மேன் யாராக இருந்தாலும் சரி.

முதலில் சுரண்டிக் கழுவி வெள்ளையடித்தார்கள். பிறகு நீலப்பொடியில் தோய்த்த நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் கரிக்கோடு. கோட்டுக்குள் ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண். அதே எண் பெயிண்ட் டப்பாவிலும் இருக்கும். மூன்று என்று போட்டிருந்தால் மூன்றாம் டப்பாவை எடுத்து அப்ப வேண்டியதுதான். வரையத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இது நான் கண்டுபிடித்த வழி இல்லை என்றாலும் அன்றைக்கு ரொம்பப் பெருமையாகத்தான் திரிந்தேன்.

சண்டை வராமல் இருக்குமா? சேரன்மகாதேவிப் பிள்ளைகள் எங்களுக்கு இரண்டு முழம்தானா என்று மூஞ்சியைத் தூக்கினார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வருகிற ஒருத்தி தங்கள் ஊர்ப் புளியமரத்தை இலை இலையாக வரைவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். திருச்செந்தூர்ப் பிள்ளைகள் ஒரு கும்பலாக வந்து தங்கள் ஊரும் வேண்டும் என்றார்கள்.

"ஏ பிள்ளேளா, திருச்செந்தூருக்கும் ஆத்துக்கும் என்னட்டி சம்பந்தம்? ஆறு அங்கன போகவே இல்லையே?"

"நாங்க குடிக்கது எந்தத் தண்ணியாம் மேடம்?"

கடல் வருகிற கோடியில் ஒரு கோபுரத்துக்கு இடம் ஒதுக்கினேன்.

இந்தச் சமயத்தில்தான் அவள் வேலைக்குத் திரும்பினாள். எங்கள் கல்லூரி நூலகர். என் வயதுக்காரி, அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள், வாய் கொஞ்சம் அதிகம். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு நூலகத்தின் பின்னறையில் ஒன்றாகத்தான். கூடப்பிறந்தவள் இல்லாத குறையைத் தீர்த்தாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு அக்கா தங்கைகள் உண்டு. அவர்களிடம் சொல்லாததை எல்லாம் இவளிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்திருந்தது. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு ஊசி, கதிர்வீச்சு என்று ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தார்கள். அவளும் அவள் வீட்டுக்காரரும் ரயிலையோ பஸ்ஸையோ பிடித்துப் போவதும் வருவதுமாகத் தேய்ந்துபோனார்கள். எல்லாம் முடிந்து, பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்ன பிறகு, தலையில் அரை விரல் நீளத்துக்கு முடி முளைத்த நிலையில் மறுபடியும் வந்து நூலக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலியில் யாரோ மெத்தை போட்டிருந்தார்கள். அதில் தொடங்கியது அவளுடைய எரிச்சல். புத்தகக் கட்டைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். தாமதமாகப் புத்தகம் கொண்டுவரும் பிள்ளைகள் முன்பெல்லாம் அபராதம் என்றால் சண்டைக்கு வருவார்கள். இப்போது தலையைக் குனிந்து கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் அவள் முன்னால் குரலை உயர்த்துவதில்லை. எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "சவத்த விடு" என்று சொல்லாத வாய் கிடையாது. அவள் வந்த பிறகு ஆசிரியைகள் அறையில் சவம் என்கிற அந்த வார்த்தையே காணாமல் போயிற்று. நானே இரண்டு மூன்று முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, எல்லாரும் என்னைய ஆஸ்பத்திரியில பாக்க வந்த மாதிரியே பாக்காங்க. வேலைக்கு வந்திருக்கேன்னு ஒருத்திக்கும் தோண மாட்டேங்கு" என்று சாப்பிடும்போது சொல்வாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பழையபடி எல்லாரும் அவளோடு சண்டை போட வேண்டும்.

அதைச் சுவர் கொடுத்தது. சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிவிட்டு, பழைய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து அம்பாசமுத்திரத்து வயலுக்கு முன்னால் நிற்பாள். அங்கே பச்சை கலக்கிக்கொண்டிருந்த இரண்டாம் வருடப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, இன்னும் மஞ்சள் ஊற்று, இன்னும் ஊற்று என்று ஒரு நாள் உயிரை வாங்கினாள். டப்பா கவிழ்ந்தது. அந்தப் பிள்ளைக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சவத்த! கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா மேடம்!"

சுவர் முழுக்க பிரஷ் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழப்போனது. இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீ சும்மா இருட்டி! இது வயல் பச்சையா, குளத்துப் பாசியா? எங்க ஊரு வயல என்னைக்காவது கண்ணால பாத்திருக்கியா?" என்று கத்தினாள். அதுவும் விடவில்லை. இருவரும் அரை மணி நேரம் வாய்ச்சண்டை போட்டார்கள். அன்றைக்கு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போது என் தோளில் குத்திக் குத்திச் சொன்னாள். "என்னையப் பாத்து சவத்தன்னு சொல்லிட்டு ட்டி அந்தப் பிள்ள!" நிறைய நாளைக்குப் பிறகு அவளுடைய பழைய சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சுவரின் நடுப்பகுதி திருநெல்வேலிக்கு. அங்கே ஒரு படித்துறை வரைந்திருந்தேன். துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், குடம் எடுக்கிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். யாருக்கும் முகம் கிடையாது. தூரத்திலிருந்து பார்ப்பது போல ஒரு நிறத் திட்டு, அவ்வளவுதான். அந்த இரண்டாம் வருடப் பிள்ளையும் அவளுடைய கூட்டாளிகளும் ஒரு நாள் என்னிடம் வந்து குசுகுசுத்தார்கள்.

"மேடம், படியில உக்காந்திருக்காங்கல்லா ஒரு அம்மா, அவங்களுக்கு மட்டும் லைப்ரரி மேடம் முகம் வைப்போமா? சொல்லாம வைப்போம்."

எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த உருவத்தைப் பெரிதாக்கி முன்னால் கொண்டுவந்தேன். அவள் விடுப்பில் இருந்த ஒரு சனிக்கிழமை, நானே சிறிய பிரஷ்ஷால் வரைந்தேன். குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து, அந்தச் சிரிப்பு. படம் எதையும் பார்க்கவில்லை, எல்லாம் மனதிலிருந்தே வந்தது. என் கையால் வரைந்ததிலேயே அதுதான் உருப்படியானது. வரைகிறபோது கண் கலங்கிக் கலங்கி வந்தது. பெயிண்ட் நெடி என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எனக்கு மூக்கு இம்புட்டுப் பெரிசாவா இருக்கு?" என்றாள். அப்புறம் சிரித்தாள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். சுவரைத் தொடப் போய், ஈரமாக இருக்குமோ என்று கையை இழுத்துக்கொண்டார். எனக்கு மனசெல்லாம் நிறைந்துபோயிற்று. பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

திறப்புவிழாவுக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் அண்ணாச்சிதான் ஏற்பாடு எல்லாம். நல்ல மனிதர், பக்திமான். கல்லூரிக்குப் புதிதாக ஒரு பீரோ வந்தால்கூடச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போடாமல் உள்ளே விடமாட்டார். சுவருக்கு மட்டும் விட்டுவிடுவாரா? சாமந்திச் சரம் ஒன்று வாங்கிவரச் செய்தார். அவ்வளவு நீளச் சுவருக்கு அந்தச் சரம் எந்த மூலைக்கு? அதனால் நடுவில் மட்டும் மாட்டச் சொன்னார். நடுவில் அவள். பந்தல் துணி கட்ட அடித்த ஆணிகள் இரண்டு, அவள் தலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருந்தன. சரம் தொய்ந்து சரியாக அவள் கழுத்தில் வந்து விழுந்தது. சந்தனப் பொட்டு வைக்க வேண்டும் என்றால் எங்கே வைப்பார்? முகம் என்று இருப்பது ஒன்றுதான், அதன் நெற்றியில் வைத்தார். முன்னால் குத்துவிளக்கு. வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி.

நான் வாசலில் விருந்தினரை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, கூட்டம் ஒரு மாதிரி அடங்கிக் கிடந்தது. என்ன என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். பிறகு பக்கத்தில் தட்டோடு நின்றவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்போம்மா தவறினாங்க?"

தட்டோடு நின்றது அவள்தான்.

"இன்னும் இல்ல சார்" என்றாள். "கல்கண்டு எடுத்துக்கிடுங்க."

அப்புறம் யாரோ பின்னால் களுக்கென்று சிரிக்க, கூட்டமே சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் திண்டாடினார். அண்ணாச்சி ஓடிவந்து சரத்தை இழுத்த இழுப்பில் ஒரு ஆணி காரையோடு பெயர்ந்து வந்தது. "கோட்டிக்காரப் பய நான், கோட்டிக்காரப் பய" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதற்குள் எவளோ ஒருத்தி மாலையோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். அது எப்படியோ அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவளுடைய சித்தி குடும்பம் துட்டி கேட்க அவள் வீட்டுக்கு வாடகைக்காரில் வந்து இறங்கியது. துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. தெருமுனையிலேயே "என்னப் பெத்த மகளே" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்த சித்திக்கு, அவளே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"'வாங்க சித்தி, காப்பி குடிக்கியளா'ன்னு கேட்டேன் பாத்துக்கோ. சித்தி அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அழவும் முடியல, நிறுத்தவும் முடியல. வந்ததுக்கு எதையாவது அழுதுட்டுப் போகணும்லா, போன வருசம் செத்த மாமாவ நெனச்சி அழுதா!"

மறுநாள் ஆசிரியைகள் அறையில் சித்தி மாதிரியே நடித்துக் காட்டினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பாடா, சிரிப்போடு போயிற்று என்று எல்லாருக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலம் சுவர் பக்கம் வருவதில்லை. கேன்டீனுக்குக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மதியம் சாப்பிடும்போது பேச்சுக் குறைந்தது. அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவும் பயம், மறுபடியும் ஏதாவது வந்துவிட்டதோ என்று. இப்படியே சில வாரம் போனது. ஒரு மதியம் டப்பாவை மூடிவிட்டு, "கறுப்பு பெயிண்ட் மிச்சம் இருக்கா ட்டி?" என்றாள்.

இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். வகுப்பு நேரம், சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. அவள் அவளுடைய முகத்துக்கு முன்னால் நின்றாள். நான் டப்பாவைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி தெரியாமச் செஞ்சிட்டாரு. அதப் போயி இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கியா?" என்றேன்.

"அவரு பாவம், அவரு என்ன செய்வாரு? ஆணி அங்கன இருந்துது, மாட்டுனாரு."

"பின்ன என்ன?"

"இந்தச் சுவத்துல எத்தன பேரு இருக்காங்க? முகம் இருக்கது எனக்கு மட்டும்தான. உனக்கு வைக்கல. பிரின்ஸிபாலுக்கு வைக்கல. இத்தன வருசமா கேட்டத் திறந்து மூடுத வாட்ச்மேனுக்கு வைக்கல. நான் நல்லா இருந்தப்போ ஒருத்திக்கும் என்னைய வரையணும்னு தோணலயே. இப்ப மட்டும் எதுக்கு ட்டி வரைஞ்சீங்க?"

"பிள்ளேளுவளுக்கு உம்மேல பாசம்."

"பாசம்தான். யாரு இல்லங்கா? ஆனா நான் போயிருவேன்னு நெனச்சித்தான வரைஞ்சீங்க. மாலை அதுக்கு அப்புறம்தான வந்துது."

அந்தச் சனிக்கிழமை கண் கலங்கியது நெடியால் இல்லை. இதாவது மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தச் சிரிப்பை வரைந்தேன். அந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. படத்தை முதல் தடவை பார்த்தபோது அவள் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதால் இன்னும் மோசமாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அவளே திறந்தாள். பிரஷ்ஷைத் தோய்த்து நெற்றியிலிருந்து தொடங்கினாள். கண்ணாடி போயிற்று, மூக்கு போயிற்று, பல்லிடுக்கும் போயிற்று. முகம் இருந்த இடம் முழுக்கத் தலைமுடி ஆயிற்று. பின்னால் திரும்பி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தி ஆனாள். "வரையுததுதான் வரையுதோம், கொஞ்சம் நீளமாவே போட்டுக்கிடுவோம்" என்று சொல்லிக்கொண்டு, படியைத் தாண்டித் தொங்குகிற மாதிரி ஒரு சடையை இழுத்துவிட்டாள். நான் சிரிக்க முயன்றேன். குழாயடியில் பிரஷ்ஷை அவளே கழுவி, உதறி, என்னிடம் தந்துவிட்டு நூலகத்துக்குப் போனாள்.

அடுத்த கல்வியாண்டில், எங்கள் நிர்வாகம் தூத்துக்குடியில் நடத்துகிற இன்னொரு கல்லூரிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் பஸ்ஸில் போய்வர உடம்பு தாங்குமா என்று முதல்வர் கேட்டார். நானும் அதையேதான் கேட்டேன். "அங்கன யாருக்கும் ஒண்ணும் தெரியாதுல்லா" என்றாள். போகாதே என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நன்றாக இருக்கிறாள். வருடம் தவறாமல் திருவனந்தபுரம் போய்க் காட்டுகிறாள், ஒன்றும் இல்லை என்றே சொல்லி அனுப்புகிறார்கள். பண்டிகைக்குப் பேசிக்கொள்வோம். புத்தகத்தில் பக்கத்தைக் கிழித்த ஒருத்தியை அழைத்து வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியதையும், அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசியதையும் போனில் அவள் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு தெம்பு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். பின்னறையில் நான் தனியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

போன ஆவணியில் திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். பழைய மாணவி ஒருத்தியின் தங்கைக்கு. மண்டப வாசலில் அவளைப் பார்த்தேன். கூட தூத்துக்குடிக் கல்லூரிக்காரிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். முடி தோளுக்கு வளர்ந்து, நரைத்து, நல்ல பட்டுச்சேலையில் நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த கையோடு என் கண் அவள் கன்னத்துக்குப் போனது, அங்கிருந்து கழுத்தெலும்புக்குப் போனது, மெலிந்திருக்கிறாளா என்று. நானாகப் பார்க்கவில்லை, அது பாட்டுக்குப் போகிறது.

அவள் பொறுமையாக நின்றாள்.

"பாத்தாச்சா?" என்றாள்.

"நல்லா இருக்கே ட்டி" என்றேன்.

"தெரியும்" என்று என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடித்துவைத்துக்கொண்டு அவளைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் கல்லூரிக்காரிகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.